பழைய தண்ணீர்

இன்று காலை ஹாலிஎல பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது பனிக்குள்ளிருந்து குளோரின் வாசம் வந்தது. பனிக்கு வாசம் கிடையாது. அந்த வெள்ளையில் ஒரு பங்கு நம் பால் தொழிற்சாலையின் கூலிங் டவரிலிருந்து எழுந்தது. மலையிலிருந்து இறங்குவது எது, டவரிலிருந்து ஏறுவது எது என்று பிரித்துச் சொல்ல இந்த ஊரில் இரண்டு பேர் இருந்தோம். நீ போன பிறகு நான் மட்டும்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் பிறந்தவர்கள் நாம். ஒன்றாகப் படித்தோம், ஒன்றாக வேலைக்கு வந்தோம். நீ இயந்திரப் பகுதிக்குத் தலைவன். நான் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் கெமிஸ்ட். பாலைக் குளிரவைக்கும் இயந்திரங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் டவரின் உச்சிக்கு ஏறும். மழையாய் விழுந்து, சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடும். அந்த மழையருகே நின்று பேசினால் நம் குரல்களே கனவில் கேட்பது போலிருக்கும்.

நான் குப்பிகளில் சோதித்துக்கொண்டிருக்க, நீ தொட்டியில் இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பாய். "வழுக்குதுடா. பாசி வருது, மருந்தப் போடு." பாதி நாள் நீ சொன்னது தப்பு. ஆனாலும் அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியது.

ஆவியாகிற தண்ணீர் சுத்தமாகப் போய்விடும். உப்பு மட்டும் பின்தங்கிக் கெட்டியாகும். அதனால் அடி வால்வைத் திறந்து பழைய தண்ணீரில் கொஞ்சத்தை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள் கல் வளரும். பள்ளிக்கூடக் கோபங்களை நான் எடுத்துப் பேசும்போதெல்லாம் நீ சிரிப்பாய்: "ஒனக்கும் அடியில ஒரு வால்வு வச்சிருக்கணும்டா."

ஓர் ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்த ஒப்பரேட்டர் கருப்பையா, ஒரு வாளிப் பாலோடு டவரடிக்கு வந்தார்.

"வேணாங்க அண்ணே, பாசிக்கு விருந்து வச்ச மாதிரி ஆயிரும்," என்றேன்.

"மெசினுக்கெல்லாம் செஞ்சிட்டுத் தண்ணிய மட்டும் விட்டா அது கோவிச்சுக்காதுங்களா?" என்றார் அவர்.

நீ சட்டைக்குள் சிலுவை தொங்க நின்றுகொண்டிருந்தாய். "ஊத்துங்கண்ணே. வேதக்காரன் நானே சொல்றேன், இவனுக்கென்ன? நாளைக்குப் பழசத் தொறந்து விட்டு, மருந்தக் கூட்டிப் போட்டா சரியாப் போச்சு."

ஒரு வாளி நாலு வாளியானது. ஆளாளுக்கு ஊற்றினார்கள். மஞ்சள் பூக்கள் மிதந்த வெண்மையை நீ குழந்தை போலப் பார்த்துக்கொண்டிருந்தாய். அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். உன் வாக்கை நம்பி நான் விடுமுறைக்கு மடுல்சீமை பஸ் ஏறினேன்.

நீ மறந்துபோனாய். நான் திரும்பி வருமுன் பாசி குழாய்களை அடைத்து, இயந்திரங்கள் சூடேறி நின்றுவிட்டன. தோட்டங்களிலிருந்து வந்த பாலெல்லாம் புளித்துப் போயிற்று.

விசாரணையில் மனேஜர் உன்னைக் கேட்கவேயில்லை. "பூசை உங்க இந்து ஆக்களோடது. நீங்கதானே பால ஊத்த விட்டிருப்பீங்க," என்றார் என்னிடம். பாலை ஊற்றச் சொன்னது ஒரு வேதக்காரன் என்று யார்தான் நினைப்பார்கள்? நீ சொன்னால் போதும் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். என் வேலை போயிற்று.

அதற்குப் பிறகு பதுளையில் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுத்தே வயதாகிவிட்டது. ஒருமுறை பெரகல சந்தியில், கடை வாசலில் நின்று, "வாடா, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போ," என்று கூப்பிட்டாய். காது கேளாதவன் போல பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

உன் அடக்கத்துக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று தெரியாது. உன் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "கடைசியில ஒங்களப் பத்தித்தான் பேச்சு அண்ணே. 'அவன் வால்வத் தொறந்தானா கேளு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. என்ன வால்வுங்க அது?"

"பழைய பக்டரி வால்வும்மா," என்றேன்.

பெட்டிமேல் தீர்த்தம் தெளிக்கிற வரிசையில் என் முறை வந்தது. கிண்ணத்தில் விரல்களை நனைத்தேன். அவை தாமாகவே ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தன.

வழுக்கவில்லை. நல்ல தண்ணீர்தான்.

விரல்களைத் திறந்து உன்மேல் விட்டேன். கொஞ்சம்தான் விட்டேன். மிச்சம் என்னிடமே இருக்கிறது.