டேப் சுற்றின இருமல் மருந்து

ஜூலை 8, செவ்வாய்

காலையில் தூறல். யோங் பெங் டவுன் முழுக்க செம்பனை எண்ணெய் ஆலை வாடை.

நான் அப்பவே சொன்னேன், இந்த வாரம் சோதனை வரும்னு. சனிக்கிழமையே இடது கண் துடிச்சது. யார் கேட்டா? வந்துட்டாங்க இல்ல!

மருந்து அமலாக்க ஆபீசர் ரெண்டு பேர். மிடுக்கைப் பார்த்தா இருபது பேர் மாதிரி. ஒரு மலாய் அம்மா, புவான்னுதான் மரியாதையா கூப்பிடணும்; ஒரு தமிழ்த் தம்பி. நேரா எங்க சூப்பர்மார்க்கெட்டுக்கு உள்ளே இருக்கிற பார்மசிக்கு. அங்கே பார்மசிஸ்ட் என் அக்கா மகள் சாந்தி. குடும்பத்திலேயே முதல் டிகிரி. லைசென்ஸ் அவ பேரில், ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு.

ஐஸ்பெட்டி, பூட்டு, பதிவுப் புத்தகம் எல்லாம் பார்த்தாங்க. ஒரு குறை இல்லை. எல்லாம் என் வளர்ப்பு.

அப்புறம் புவான் பிஸ்கட் ரேக் பக்கம் திரும்பினாங்க. அங்கே இருமல் மருந்து, ரெண்டு ரெண்டு போத்தலா டேப் சுத்தி. ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா.

சுத்தினது நான். தேதி முடியப்போற சாமானை ஜோடி போட்டு முன்னால வைக்கிறதுதான் பதினாலு வருஷமா என் வேலை. மீ நூடுல்ஸ், சோப்பு, பிஸ்கட். ஜொகூரிலேயே என்னை மாதிரி டேப் சுத்த ஆள் கிடையாது. பார்மசிப் பெட்டி ஒண்ணு தப்பா என் ஸ்டோருக்கு வந்தது, அதையும் சுத்திட்டேன். இந்த மருந்தை சாந்திதான் விசாரிச்சுக் கையால கொடுக்கணுமாம். ரேக்கில் வைக்கவே கூடாதாம். ஆறாப்பு படிச்சவனுக்கு யார் சொன்னா?

"இதை இங்க வெச்சது யாரு?" தம்பி கேட்டார்.

நெஞ்சை நிமிர்த்திப் போய் நின்னேன். "நான்தான் சார்! இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எழுதுறதுன்னா என் பேரை எழுதுங்க!"

புவான் ரெண்டடி பின்னால போயிட்டாங்க.

ஜூலை 9, புதன்

வெயில். முதுகு வலி. டேப் தீர்ந்துபோச்சு, அஞ்சு ரோல் கேக்கணும்.

கோப்பிக் கடையில் கதையைச் சொன்னேன். லோரி ஓட்டுற முனியாண்டி குறுக்கே: "அப்ப விளக்கம் கேட்டு லெட்டர் ஏன்யா சாந்தி பேருக்குக் கொடுத்தாங்க?"

"சட்டம் அப்படி லா. லைசென்ஸ் அவளோடது."

"ஓ. உனக்கு சட்டமும் தெரியுமா!"

பொறாமை. ஆத்தின டீ, அந்தத் தே தாரிக் வேற இனிப்பே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

மழை. காய்ச்சல் மாதிரி இருக்கு. இல்லை.

சாந்தி பதில் எழுதி முடிச்சுட்டா. திங்கட்கிழமை கொடுக்கணும். ஆபீசருங்களுக்குத் திருப்தி இல்லைன்னா லைசென்ஸ் போனாலும் போகும். படிச்சுக் காட்டச் சொன்னேன். 'என் கவனக்குறைவு'ன்னு இருக்கு. என் பேரே இல்லை.

"உங்க பேர் வந்தா மேனேஜர் உங்களை நிறுத்திருவாரு மாமா. இந்த வயசில எங்க போவீங்க?"

"நிறுத்தட்டும்! எனக்கு சிங்கப்பூர்ல பத்து கடை காத்திருக்கு."

"சும்மா இருங்க மாமா."

பேனாவைப் பிடுங்கி அடியில் எழுதினேன். 'டேப் சுற்றி ரேக்கில் வைத்தது நான். சாந்திக்குத் தெரியாது.' கையெழுத்தும் போட்டேன். கோணல்தான். அவ அழிக்கப் பார்த்தா, விடலை.

செவ்வாய்க்கிழமை எழுதினதில் ஒண்ணு பொய். "நான்தான் சார்"னு சொன்னது அவ. நான் அரிசி மூட்டைக்குப் பின்னால குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன்.