கரி வடிகட்டி

1998 ஆகஸ்ட் 14, வெள்ளி

வேளிக் காயலோரம் இறால்குஞ்சு வளர்க்கும் செல்வத்திடம், எங்கள் ஆய்வகத்தில் செய்த தண்ணீர்ப் பரிசோதனை முடிவை இன்று சொன்னேன். போன வாரம் தொட்டியில் குஞ்சுகளுக்கு இரையான பாசி செத்தது. பட்டினியில் குஞ்சுகளும் செத்துவிட்டன.

"தண்ணியில செம்பு எப்பவும் உள்ள அளவுதான். இலைதழை அழுகின சாறு அதைப் பாசிக்குப் படாம பிடிச்சு வச்சிருந்தது. கரி வடிகட்டி போட்டதும் அந்தச் சாறு போயிடுத்து. செம்பு பாசியைக் கொன்னுடுத்து."

செல்வம் தொட்டியருகே இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லண்டாம், அக்கா. கரி போடச் சொன்னது அவளாக்கும்."

அவர் மனைவி காலித் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"என்ன பற்றிச்சு அக்கா? எதனால செத்துச்சு?"

"தண்ணியில செம்பு."

"நாங்க நல்லா சுத்தமாத்தானே வச்சிருந்தோம்?"

"ஆமாம்மா" என்றேன். அவள் அழுதாள். செல்வம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.