நான் சொல்லவில்லை, போன் சொன்னது

அன்புள்ள சுண்ணாம்புக்கு,

ஆற்றுப் பாலம் நடுவில் முறிந்து ஒரு லாரி மூக்குக் குத்தி நின்றதே, அந்த வருஷம். நூல் ஆலையை ஏழு மாதம் இழுத்து மூடியதும், பெரிய மருத்துவமனைக் கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்கு நாம் கம்பி கட்டியதும் அதே வருஷம்தான். அங்கே மணல் குவியல் மேல் உட்கார்ந்து நீ எனக்கு முதல் கடிதம் படித்துக் காட்டினாய். பிள்ளை பிறந்திருக்கிறான் என்று என் மனைவி யாரையோ பிடித்து எழுதி அனுப்பிய கடிதம். படித்து முடித்துவிட்டு, "இதப் படிச்சுச் சொன்னவருக்கு ரெண்டு டீ வாங்கிக் கொடுக்கணும்னு கடைசியில போட்டிருக்குடா" என்றாய். நானும் வாங்கிக் கொடுத்தேன். அப்படி ஒரு வரியே கிடையாது என்று நாலு வருஷம் கழித்து, நம் கூட்டாளி ஒயர்மேன் கல்யாணத்தில் வைத்துத்தான் சொன்னாய்.

அன்றிலிருந்து எனக்கு வந்த எல்லா எழுத்தும் உன் வாய் வழியாகத்தான் வந்தது. இன்று நான் உனக்கு எழுதுகிறேன். நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். ஒரு சொல்லும் கூட்டாதே, குறைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். நீ போனை எடுப்பதில்லை. எடுக்காததில் தப்பும் இல்லை. இதை உனக்கு உன் மகள் படித்துச் சொல்வாள் என்று நினைக்கிறேன். உன் வலது கண் இப்போது எப்படி இருக்கிறது? போன வருஷமே கடிதத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டுதான் படித்தாய்.

இங்கே எல்லாரும் சுகம். பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறுகிறது. நீ அடித்த பச்சை, இடுப்பு உயரத்துக்குக் கீழே உரிந்துவிட்டது. புதிதாக ஒருவன் பார்க்க வந்தான். சுவரைச் சுரண்டிப் பார்க்காமலே விலை சொன்னான். போய் வா என்று அனுப்பிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கேட்டு முடிக்கும்வரை எழுந்து போகாதே.

என் பிள்ளை போன விடுமுறையில் வந்தபோது இரண்டு வேலை செய்துவிட்டுப் போனான். வாசலில் கேமரா வைத்தான். எனக்கு எழுத்துத் தெரியாதே என்று, வருகிற செய்தியைத் தொட்டால் போனே வாய்விட்டுப் படிக்கிற மாதிரி பண்ணிக் கொடுத்தான். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நீ சொன்னது எனக்கு அப்படியே இருக்கிறது. "முப்பது வருஷம் தொண்டை வறள நான் படிச்சேன். இனிமே இந்தப் பொம்பளையே படிப்பா. அவளுக்கு டீயும் வேண்டாம், உனக்கு லாபம்தான்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனாலும் அடுத்த வாரம் இரண்டு நாள் வரவில்லை. பிறகு நீயே வந்து, "அவ சரியாப் படிக்கிறாளான்னு பாக்க வந்தேன்" என்றாய்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் ஒன்பது மணிக்கு வந்தாய். மின் கட்டணச் செய்தி ஒன்றை அவள் படித்ததும், நம்பாமல் போனை வாங்கி நீயும் ஒரு தரம் படித்தாய். பெயிண்டுக் கடைக்குப் போகவேண்டும் என்று கிளம்பினாய். நீ போய்ப் பத்து நிமிஷம் இருக்கும், எனக்கு ஒரு அழைப்பு வந்தது.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னான். பெற்ற பிள்ளைகூட அவ்வளவு பணிவாகப் பேசமாட்டான். "ஐயா, உங்க கார்டு இந்த வாரத்தோட முடியுது. நீங்க அலைய வேண்டாம், நானே புதுப்பிச்சுத் தரேன். உங்க நாலு எண் ரகசியத்தை யாருக்கும் சொல்லிடாதீங்க. எங்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான். திருடன் இப்படிப் பேசுவானா? அங்கேயே நான் விழுந்துவிட்டேன். கார்டின் முகத்தில் இருக்கும் எண்ணையும் முதுகில் இருக்கும் மூன்று எண்ணையும் கேட்டான். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். டேப் பிடித்த கை. அது வெளியே தெரிகிற எண்தானே என்று சொன்னேன். பிறகு, "ஸ்பீக்கர்ல போடுங்க ஐயா, கட் பண்ணாதீங்க. உங்களுக்கு ஒரு செய்தி வரும், நீங்களே பாத்துக்குங்க, எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றான். செய்தி வந்தது. தொட்டேன். அவள் படித்தாள். எனக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது. அப்படி மூன்று தரம். கடைசியில் எனக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தான்.

நான் வாயைத் திறந்து ஓடிபியைச் சொல்லவில்லை, சுண்ணாம்பு. அதனால் சொல்லவில்லை என்றே நம்பினேன்.

மறுநாள் உன் கண் ஆபரேஷனுக்கு முன்பணம் எடுக்க வங்கிக்குப் போனேன். என் கணக்கில் போட்டு வைத்திருந்த நம் ஐந்து பேர் பணம் துடைத்துக் கிடந்தது. மாதம் ஒரு நாள் கூலி என்று ஆளுக்கு ஆள் போட்டு, படுத்தவனுக்கு எடுத்துக் கொடுத்த பணம். ஈரக்கையின் சிறுநீரகத்துக்கும், ஒயர்மேன் கால் முறிந்ததற்கும், நெட்டைக்குக் கடைசி மூன்று மாதமும் அதுதான் நின்றது. மிச்சம் உன் கண்ணுக்கு. கவுண்டரில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, "ஓடிபி போயிருக்கு பெரியவரே. உங்க போனைப் பாத்து யாரோ சொல்லியிருக்காங்க" என்றான்.

வீட்டில் பிள்ளையும் மருமகளும் கேட்டது ஒரே கேள்வி. போனை யார் தொட்டது? நான் மறக்கிறவன் இல்லையே! மருத்துவமனைக் கட்டடத்தில் எத்தனை ஜன்னல் என்று இன்றைக்கும் சொல்வேன். "ஒரு ஆள் போன் பண்ணினான், ஆனா நான் எதுவும் சொல்லல" என்று நான் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். என் ஞாபகத்தை நம்பி உன்னைச் சந்தேகப்பட்டார்கள். கார்டு எண்ணைச் சொன்னதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துச் சொல்லவில்லை.

மருமகள் இங்கே பேனாவை வைத்துவிட்டாள். "பெயிண்டர் மாமாதான் அன்னிக்குப் போனை வாங்கிப் பாத்தாருன்னு மொதல்ல சொன்னது நான்தான். அதையும் எழுதுங்க" என்கிறாள். எழுதுகிறவள் நீதானே, எழுது என்றேன். எழுதிவிட்டாள். அவளை நீ கோபிக்காதே. அவள் கேட்டது கேள்வி. உன்னைக் கொன்றது நான் கேட்டதுதான்.

நீ வந்து உட்கார்ந்ததும் நான் திட்டியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். நீயும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாய். நான் அமைதியாக, பெரிய மனுஷன் மாதிரி, "உனக்கு ஏதாவது அவசரம்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாமேடா" என்றேன். நீ இடுப்பில் முடிந்திருந்த எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாய். "கண்ணு இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாய்.

நீ போனது கேமராவில் இருக்கிறது. முப்பது நாளில் தானாக அழிந்துவிடுமாம். மருமகளிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொன்னேன். கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டாய். ஆறு அடி போயிருப்பாய். நின்று, திரும்பி வந்து, கொக்கியை மாட்டிவிட்டுப் போனாய். 'கேட்டைத் திறந்து போட்டுட்டு உள்ள உக்காந்திருக்கான் மட்டக்கோல்' என்று வருகிறபோதெல்லாம் திட்டுவாயே, அதே கொக்கி. திருடன் என்று சொன்ன வீட்டுக்குக் கொக்கி மாட்டிவிட்டுப் போகிற ஆள் உன்னைத் தவிர யார்? அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைத்தது. ஆனால் நான் மறந்திருப்பேன் என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை.

உண்மை தெரிந்தது போன மாதம்தான். புதுக் கார்டுக்கு மனுக் கொடுத்திருந்தேன். பிள்ளையோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பழக்கதோஷத்தில் தொட்டேன். அவள் படித்தாள். அந்தப் பக்கம் பிள்ளை சட்டென்று பேச்சை நிறுத்தினான். பிறகு, "அப்பா, அஞ்சு எட்டு ரெண்டு... இது எனக்கு எப்படிக் கேக்குது?" என்றான். அடுத்து, "அப்பா, அன்னிக்கு அந்த ஆள் பேசினப்பவும் இது இப்படிப் படிச்சுதா?" என்றான். மூன்று தரம் படித்தது என்றேன். அவன் அழுதான் என்று நினைக்கிறேன். அந்தக் குரலை வைத்துக் கொடுத்தது அவன்தானே.

மறுநாளே வங்கிக்குப் போய் மேனேஜர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூனிக் குறுகித்தான் சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்து விளக்கினார். உன் கையிலும் போன் இருக்கிறது, அதனால் கேட்டுக்கொள். வங்கி உன்னைக் கூப்பிட்டு எதையும் கேட்காது. எவனாவது கேட்டால் வைத்துவிட்டு, கார்டின் முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீயே பேசு. முகத்தில் உள்ள எண்ணும் சாவிதான். கடையில் நீட்டுவதற்கு மட்டும் கார்டை வைத்துக்கொண்டு, போன் வழியாக வாங்குவதை அடைத்துவிடச் சொல்லலாம்; நான் அடைத்துவிட்டேன். பணம் போனால் வெட்கப்பட்டு உட்காராதே, அன்றைக்கே புகார் கொடு. நான் அடுத்த நாளே போய்ப் புகார் கொடுத்ததால்தான் மூன்றாவது தரம் போன தொகையை வழியிலேயே நிறுத்த முடிந்ததாம். அது திரும்பி வந்துவிட்டது.

கேமராவைப் பற்றியும் கேட்டார். அதோடு வந்த ரகசிய எண்ணையே வைத்திருக்கிறீர்களா என்றார். ஆமாம், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். புதுப் பூட்டு வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிடுகிற வேலையாம். மாற்றிவிட்டோம். புது எண் மருமகளுக்கும் எனக்கும் தெரியும். வந்தால் உன் காதில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதமாட்டேன், அவ்வளவு புத்தி வந்திருக்கிறது.

அந்தப் பொம்பளையை வாய் மூடச் சொல்லிவிட்டேன். இப்போது செய்தி வந்தால் வந்தபடி கிடக்கிறது. பதினாறு செய்தி படிக்காமல் இருக்கிறது. மருமகள் படித்துச் சொல்கிறேன் என்கிறாள். நான்தான் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்த பணம் ஒரு கண்ணுக்குப் போதும். அதே மருத்துவமனை, நாம் கட்டியது, இரண்டாம் தளம். வருகிற மாதம் எட்டாம் தேதிக்கு உன் பெயரைப் பதிந்துவிட்டேன். இன்னொரு கண்ணுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். மாற்றுச் சாவி நீ வைத்த இடத்திலேயே மேஜையில் இருக்கிறது. துடைக்கும்போதுகூட யாரையும் நகர்த்த விடுவதில்லை. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. வந்து நாலு பேருக்கு முன்னால் என்னைத் திட்டு. தெருவில் நின்று திட்டினாலும் சரி.

உன் மகளுக்கு ஒரு வார்த்தை: அம்மா, இதை விடாமல் படித்ததற்கு உன் அப்பா உனக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறது. இந்தத் தடவை நிஜமாகவே எழுதியிருக்கிறது.

கீழே பெயர் போடவேண்டும் என்கிறாள் மருமகள். ரேகையை அவள் வாங்கிக்கொள்வாள். காலையில் வேலை தொடங்குமுன் மேஸ்திரி நம் ஐந்து பேரையும் வரிசையாகக் கூப்பிடுவாரே, "இருக்கேன்" என்று நாம் குரல் கொடுப்போமே, நீ மட்டும் எப்போதும் கடைசியாக, மேஸ்திரி இரண்டு தரம் கூப்பிட்ட பிறகு குரல் கொடுப்பாயே, அந்த வரிசையை நான் இப்போது கூப்பிடுகிறேன். அவரும் இல்லை, வேறு யார் கூப்பிடுவது?

நெட்டை. இல்லை.

ஈரக்கை. இல்லை.

ஒயர்மேன். இல்லை.

மட்டக்கோல். இருக்கேன்.

சுண்ணாம்பு.