உங்கள் பெயரில் ஒரு குப்பி

என்னைக் கட்டி மாட்டிக்கொண்டவருக்கு,

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உங்கள் பெயரில் நான் சிறுநீர் கொடுத்துவிட்டேன்.

நம் தெரு போர் தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம் இருக்கிறதாம். வீடு வீடாகச் சிறுநீர் சோதிக்க நர்ஸ் வந்தாள். கோபித்துக்கொண்டு போன மனுஷன் மாதம் ஆகியும் திரும்பவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? "தூங்குறாரும்மா" என்று சொல்லி, இரண்டு குப்பியையும் நானே நிரப்பினேன். பெண்டாட்டி பாதி உடம்பு என்பார்களே, அந்தக் கணக்கில்.

இன்று காலை சோதனை முடிவோடு வந்தாள். என் குப்பியில் ஒன்றுமில்லை. நான்தான் லாரித் தண்ணீர் குடிக்கிறேனே. உங்கள் குப்பியில் விஷம்.

"வேற வீட்டுக் குப்பியோட மாத்திப் பாத்திருப்பீங்க" என்றேன்.

"ரெண்டு தடவை பாத்தாச்சுக்கா. குடிச்ச ரெண்டு மூணு நாளுக்குத்தான் இது தெரியும். சார் இன்னும் போர் தண்ணியத்தான் குடிக்கிறாரு."

சிரித்து வைத்தேன். உங்கள் டம்ளரை நான் கழுவிக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். நான் ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டில் காலையில் அது நிமிர்ந்திருப்பதை இதுவரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் தங்கை வீட்டு விலாசத்துக்குத்தான் போடுகிறேன். நீங்கள் அங்கே வரவே இல்லை என்கிறாள். பொய் சொல்கிறாள். எங்கேயோ நன்றாகத்தான் இருப்பீர்கள். வேறு மாதிரி நான் நினைக்க மாட்டேன்.

"சாரை நான் பாத்தே ஆகணும்" என்றாள் நர்ஸ்.

"குளிக்கிறாரு" என்றேன்.

குளியலறையில் மக் விழுந்தது.

"மெதுவா வரட்டும்" என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

மக்கின் கைப்பிடி உடைந்துவிட்டது.

உங்கள் வாயாடி