நடந்து இளைத்ததாகச் சொன்ன ஆபாவுக்கு

ஆபா,

போன வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் மகள் நஸ்ரீன் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அவள் மூடியைத் திறந்ததுமே வேகவைத்த கொள்ளின் வாசனை வந்துவிட்டது. எனக்கு அந்த வாசனை என்றாலே நீங்கள்தான்.

"அம்மி குடிச்சதுதான் காலா. அவங்க மாதிரியே நானும் ஆரம்பிச்சிட்டேன்" என்றாள். நான் உங்களை அக்கா முறையில் 'ஆபா' என்பதால், சின்னப் பிள்ளையாக இருந்தபோதே என்னைச் சின்னம்மா முறை வைத்துக் 'காலா' என்று கூப்பிடப் பழக்கியவர் நீங்கள். அவளுக்கும் எடை கூடிவிட்டது ஆபா. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நாலைந்து நாளாகக் கொள்ளுத் தண்ணீரும் வெள்ளரிக்காயும்தான் சாப்பாடு. காலையில் காலேஜ் மைதானத்தில் நடக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்து நேராக வந்திருக்கிறாள்.

"அம்மிக்கு இருந்த வைராக்கியம் எனக்கு இல்ல. தூத்தேரி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை, உங்கள் மேல்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் உங்களுக்குப் பக்கத்து மெஷின் எனக்குக் கிடைத்த நாளிலிருந்து பார்க்கிறேன். உங்களை மாதிரி கை ஓடுகிறவர் அந்த லைனில் யாரும் இல்லை. ஆனாலும் பேச்சு என்று வந்தால் உங்கள் உடம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் உட்கார்ந்தால் நாற்காலி பாவம் என்பார்கள். எல்லோரையும் விடச் சத்தமாக நீங்களே சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மதியச் சாப்பாட்டைத் தொடாமல் டப்பாவை மூடி வைப்பீர்கள். கை நிறைய சர்க்கரை மாத்திரை, அதுவும் போதாமல் ஊசி, இரண்டு முழங்காலிலும் வலி. உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு மகளை ஆளாக்கும் வரைக்கும் இந்த உடம்பு தாங்குமா என்று பஸ்ஸில் என்னிடம் கேட்டீர்கள். அந்தப் பயத்தில்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தீர்கள்.

வயிற்றைச் சின்னதாக்கி, குடலை மாற்றி இணைக்கும் ஆபரேஷன். வேலூரில் செய்துகொண்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆம்பூர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார் என்று சென்னைக்குப் போனீர்கள். உங்கள் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணனும் இப்போது இல்லை. வீட்டில் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்தீர்கள். ஹாஸ்டலில் இருந்து ஓடி வந்த நஸ்ரீனிடமும் அதையேதான் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது ஆபா. நீங்கள் இளைத்துக்கொண்டே போனீர்கள். ஊசி நின்றது, மாத்திரை ஒவ்வொன்றாக நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படி, எப்படி என்று கேட்க, காலையில் நடந்தேன், கொள்ளுத் தண்ணீர் குடித்தேன் என்று எடுத்துவிட்டீர்கள். சும்மாவும் விடவில்லை. கொள்ளை எத்தனை விசில் விடவேண்டும், எந்தக் கையை எப்படி வீசி நடக்கவேண்டும் என்று பாடமே நடத்தினீர்கள். உங்களை நம்பி அந்தத் தெருவே கொள்ளு குடித்தது.

"இன்னா ஆபா இது, இப்படியா புளுகுறது?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இருடி. இத்தன வருஷமா எல்லாரும் என்னப் பாத்து 'கம்மியா துன்னு, கம்மியா துன்னு'ன்னாங்க. இப்பதான் மொத தடவ 'எப்படி ஆபா'ன்னு கேக்குறாங்க. அத உட்டுக் குடுக்கச் சொல்றியா?"

அதோடு விட்டுவிட்டேன். நீங்கள் பட்ட பேச்சு எனக்குத் தெரியும்.

சென்னை டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். சத்து மாத்திரையும் வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையும் ஆயுசு முழுக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு மயக்கம் வந்தால் உடனே வரவேண்டும் என்றார். மாத்திரை அட்டைகளை வீட்டில் வைத்தால் நாத்தனார் கேள்வி கேட்பாள் என்று கம்பெனியில் என் டிராயரில் வைத்தீர்கள். மதியம் டீக்கு முன்னால் வந்து கை நீட்டுவீர்கள். முதல் இரண்டு வருஷம் பரிசோதனைக்கும் போனோம். எக்மோரில் இறங்கியதும் ஏதோ திருட்டு வேலைக்கு வந்த மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடப்பீர்கள். அப்புறம், "சுகரும் இல்ல, எடையும் இல்ல. இனிமே அங்க போயி இன்னா பண்ணப்போறோம்?" என்றீர்கள். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

நஸ்ரீனுக்குக் கல்யாணம் முடிந்து நீங்கள் வேலையை விட்டதும் சத்து மாத்திரையும் நின்றுபோனது. ஒரு முறை அட்டையை வீட்டுக்கே கொண்டு வந்தேன். நாத்தனார் அந்தப் பக்கம் வரவும், அவசரமாக என் பையிலேயே திணித்து அனுப்பிவிட்டீர்கள். போகப் போகப் பாதம் மரத்துப் போகிறது, எந்நேரமும் களைப்பாக இருக்கிறது என்றீர்கள். வயசு ஜாஸ்தியாகுதுல்ல என்று நீங்களே அதற்குக் காரணமும் சொன்னீர்கள்.

மற்றது எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். விருந்துக்குப் போய் வந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உங்களுக்கு வேர்த்துக் கொட்டுமாம், கை நடுங்குமாம். நம் ஊரில் வேர்த்தாலும் சுகர், நடுங்கினாலும் சுகர். பழைய வியாதி திரும்பி வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். டாக்டரிடம் போனால் பழைய கதை வெளியே வரும். நாத்தனாரின் சர்க்கரை மாத்திரை அலமாரியிலேயே இருந்தது. "பாபி ஒண்ணு ரெண்டு கேப்பாங்க, நானும் குடுப்பேன்" என்று தன் அண்ணியான உங்களைப் பற்றி அவர் என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் மேல் என்ன தப்பு?

கடைசியாக மேல்விஷாரத்தில் ஒரு கல்யாணம். பிரியாணியும் மக்கன் பேடா இனிப்பும் சாப்பிட்டு வந்து, உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தீர்கள். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. தெருமுனை டாக்டர் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே, முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பித்தப்பைக் கல் என்று நஸ்ரீன் சொல்லியிருக்கிறாள். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனி ஏப்ரனோடு நான் ஓடி வந்து சேர்ந்தபோது உங்கள் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

இத்தனை நாளும் உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றினேன். செத்தவரின் பெயரைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை என் எதிரில் உட்கார்ந்து, பசியில் உதடு காய்ந்து, அம்மியின் பெயரைக் காப்பாற்றவேண்டும் என்று பேசியபோது தாங்கவில்லை. இட்லியைத் தட்டில் வைத்து, சாப்பிடச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் நம்பவில்லை. "அம்மி பொய் சொல்லமாட்டாங்க" என்றாள். வயிற்றில் இருந்த தழும்புகளைச் சொல்லி, பித்தப்பைக் கல்லுக்கு இடது பக்கமெல்லாம் தழும்பு வராது என்றேன். அவை எங்கெங்கே இருந்தன என்று அவளுக்குத் தெரியுமே, குளிப்பாட்டியவர்களில் அவளும் ஒருத்தி. தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்த டாக்டர்கிட்ட நான் சொன்னது?"

எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அதுதான் வந்தது ஆபா. உங்கள் பொய்யை உங்கள் மகள் உண்மை என்று நம்பி டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். "உனக்குத் தெரிஞ்சதச் சொன்ன. உங்கிட்ட சொல்லவேண்டியவங்க சொல்லல" என்றேன். என் மடியில் தலை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

திங்கட்கிழமை வேலூர் பாகாயம் பக்கம் ஒரு டாக்டரிடம் இருவரும் போனோம். உங்கள் கதையை நஸ்ரீனே சொன்னாள். அந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்குச் சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறி, மளமளவென்று இறங்கிவிடும். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும் என்றார். "இறங்குற நேரத்துல இன்னும் எறக்குற மாத்திரையப் போட்டுட்டாங்க போலிருக்கும்மா" என்றார். பரிசோதனைகளை விடாமல் செய்திருந்தால் இது முன்னாலேயே தெரிந்திருக்குமாம். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்டேன். அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார்.

நஸ்ரீனுக்கு ஆபரேஷன் வேண்டுமா, மருந்தும் சாப்பாடும் போதுமா என்று இன்னும் முடிவாகவில்லை. எதுவானாலும் பட்டினி கிடக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். தன் வீட்டில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். உங்கள் நாத்தனாருக்குக் கொஞ்சம் பேஜார்தான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவரும் உங்களுக்காக அழுதார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது நஸ்ரீன் என் தோளை ஒட்டி வந்து நின்றாள். "அம்மியும் முயற்சி பண்ணி, முடியாமதான் போனாங்களா காலா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா. எத்தனையோ தடவ. அவங்களாலயும் முடியல" என்றேன்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். உங்களைப் பற்றி நான் சொன்ன எந்தப் பெருமையும் அவளுக்கு அத்தனை ஆறுதலாக இருந்ததில்லை. நீங்கள் உயிரோடு இருந்து உங்கள் வாயால் சொல்லியிருக்கவேண்டிய பதில் அது. நான் சொல்லவேண்டி வந்துவிட்டதே ஆபா, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.