மூன்றாவது சுற்று

அன்புள்ள அண்ணைக்கு,

'அன்புள்ள' என்பதை மூன்று தரம் வெட்டினேன். அது இல்லாமல் கடிதம் தொடங்க மறுத்தது. இருந்துவிட்டுப் போகட்டும். மிச்சம் எல்லாம் கோபத்தோடுதான் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு உங்கள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடித்தார்கள். 'தீவகத்துக்கு இசையை வாரி வழங்கிய வள்ளல்' என்று முதற்பக்கத்தில் போட்டிருந்தது. கொடுத்ததை எல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு போனவருக்கு வள்ளல் என்று பெயரா? என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒரு வருடம் முடிந்து உங்கள் ஆட்டைத் திவசம் வருகிறது. அன்று எழுதாத பக்கம் இதுதான்.

உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்று உங்கள் றங்குப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கடதாசிகூட இல்லை. நம் இசைக்குழுவின் சுரக் கொப்பிகள் எங்கே என்று அண்ணியிடம் கேட்டேன்.

"அவரோடை சேத்துச் சவப்பெட்டிக்குள்ளை வைச்சாச்சு, புவனா. அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனவர். தனக்குப் பிறகு ஆரும் அதைப் பிழையா வாசிக்கக் கூடாதாம்."

"எல்லாத்தையுமோ, அண்ணி?"

"ஓம். எல்லாத்தையும்."

அதற்குள் பறைச் சத்தம் நாரந்தனைச் சந்தியைத் தாண்டிவிட்டது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லையே. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் மறித்திருக்க வேண்டும். மறிக்காமல் நின்றதற்காக என்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

இசை உங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கொப்பிகளில் இருந்த எழுத்து யாருடையது? வயலினுக்கு, குழலுக்கு, தவிலுக்கு, கீபோர்ட்டுக்கு என்று பதினாலு பேருக்கும், நீங்கள் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்ல, தனித்தனியாக எழுதியவள் நான். கச்சேரி முடிந்ததும் நீங்கள் ஒவ்வொருவரிடமும் தாளைத் திருப்பி வாங்குவீர்கள். அவரவருக்கு அவரவர் பகுதி மட்டும் தெரியும். எழுதிய எனக்கும் துண்டுகள்தான் தெரியும், அவை சேரும் ஒழுங்கு தெரியாது. முழுவதும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், அப்படித்தான் இருக்கவேண்டும் என்றும் நினைத்தீர்கள்.

நீங்கள் போன பிறகு நாங்கள் ஒருநாள் கூடினோம். ஆளுக்கொரு துண்டு வாசித்தோம், ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கிளாரினெட் வாசிக்கிற தம்பி கனடாவுக்குப் போய்விட்டான். கீபோர்ட் தேவா ஆட்டோ ஓட்டுகிறான். பதினாலு வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தக் குழுவால் என்பது உங்களுக்குத் தெரியாதா?

தீவு ஊர்களின் நிலைமையையும் கேளுங்கள். பட்டணத்துக் குழுக்கள் கடைசிப் படகைக் காரணம் காட்டிக் கழன்றுகொள்ளும். நாங்கள் மட்டும்தான் இரவு தங்கிவிடுவோம். ஊர்ச்சனம் எங்களைப் பங்கு பிரித்து, தவிலை ஒரு வீட்டிலும் வயலினை ஒரு வீட்டிலுமாகப் படுக்க வைக்கும். அனலைதீவில் கலியாணம் என்றால் ஐயரிடம் நாள் கேட்க முன் நம்மிடம் நாள் கேட்பார்கள். போன திருவிழாவுக்கு அங்கே போனில் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். சாமி வடக்கு வீதிக்கு வரும்போது குளிக்கிற சவர்க்கார விளம்பரம் வந்ததாம். சொன்னவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நெடுந்தீவை மறந்திருக்க மாட்டீர்கள். ஏழு வருடத்துக்கு முன், அம்மன் கோயில் திருவிழா. கச்சேரி தொடங்க வாசிக்கிற உங்கள் தொடக்க வாத்தியத்தில் வயலின் அந்த மெட்டை இரண்டு சுற்று வாசித்துவிட்டு நிற்கவேண்டிய இடம். நான் என்னை மறந்து மூன்றாவது சுற்றும் போனேன். மற்றவர்கள் ஒரு நொடி தடுமாறிவிட்டு என் பின்னாலேயே வந்தார்கள், வாத்தியம் ஒழுங்காகத்தான் முடிந்தது. சனம் கைதட்டியது. அதற்குப் பிறகு நீங்கள் மைக்கை எடுத்தீர்கள்.

"என்ர தங்கச்சி ஒரு பிழை விட்டிட்டா. நீங்கள் எல்லாரும் மன்னிக்கவேணும்."

ஒருவருக்கும் தெரியாத பிழையை ஊருக்கே சொன்னீர்கள். அடுத்த கச்சேரியிலிருந்து என் கதிரையில் வேறொருவர். நான் மேடைக்குப் பின்னால் கொப்பி எழுதினேன். நெடுந்தீவுக்கு நம் குழு பிறகு போகவே இல்லை. ஒரு தங்கச்சியை இவ்வளவு நாள் தண்டிக்க உங்களுக்கு மனம் வந்ததே, எப்படி அண்ணை?

போன மாதம் அந்தக் கோயிலார் குழுவை மறுபடி கேட்டு ஆள் அனுப்பினார்கள். ஏலாது என்பதை நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று குறிகட்டுவான் துறையில் படகு ஏறினேன். படகு நடுக்கடலுக்கு வந்ததும் படகோட்டி குகன் போனில் ஏதோ போட்டுவிட்டான். நம்முடைய தொடக்க வாத்தியம். வயலின் நான். அவன் பக்கம் நகர்ந்து போனேன்.

"இது எங்காலை கிடைச்சது, தம்பி?"

"கோவிக்காதேங்கோ அக்கா. பதியக் கூடாதெண்டு அண்ணை மைக்கிலை சொன்னவர்தான். நான் போனைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுப் பதிஞ்சனான். அண்டைக்குத் திருவிழாவிலை நடந்த முழுக் கச்சேரியும் கிடக்கு."

முதல் சுற்று, இரண்டாவது சுற்று. மூன்றாவது வந்ததும் படகில் இருந்த அத்தனை பேரும் பலகையில் தாளம் தட்டினார்கள். மீன் கூடையோடு வந்த மனிசி, பள்ளிக்கூட ரீச்சர், எல்லாரும்.

"அந்த இடம் பிழையெல்லோ, குகன்?" என்றேன்.

"என்ன பிழை? அதுக்காகத்தானே இவ்வளவு பேரும் பாத்துக்கொண்டு இருக்கினம். ரண்டோடை நிப்பாட்டினால் பாட்டு முடியாத மாதிரியெல்லே கிடக்கும்?"

வாத்தியம் முடிந்து உங்கள் குரல் தொடங்கியது. குகன் அவசரமாக அடுத்த பாட்டுக்குத் தள்ளினான். "அதை நாங்கள் எப்பவும் தள்ளிவிடுறனாங்கள், அக்கா" என்றான்.

அண்ணை, நான் அந்தப் படகில் இருந்து அழுதேன். பிறகு உங்களை நினைத்துச் சிரித்தேன். பிழையாக வாசிக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னீர்கள். மிஞ்சியிருப்பது நான் பிழைவிட்ட கச்சேரி ஒன்றுதான்.

கோயிலாரிடம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். குகனின் பதிவைக் கேட்டுக் கேட்டுப் பதினாலு பகுதியையும் மறுபடி எழுதினேன். பதிவில் தெளிவில்லாத இடங்களை என் கை தானாகவே எழுதியது. சனிக்கிழமைக் காலைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிறோம். தேவா ஆட்டோவை வாசலில் விட்டுவிட்டு வருகிறான். தாளைக் கொடுத்தபோது அவன் கேட்டான்.

"கச்சேரி முடியத் திருப்பித் தரவேணுமோ, அக்கா?"

"வீட்டை கொண்டுபோ. பிள்ளையளுக்கும் காட்டு" என்றேன். அவன் நம்பாமல் இரண்டு தரம் கேட்டான்.

அந்த இசையைச் செய்ய உங்களை விட்டால் ஆள் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிவதால்தான் இவ்வளவு ஆத்திரம். உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற திருவிழாவில் நெடுந்தீவு மேடையில் வயலின் கதிரையில் நான் இருப்பேன். மூன்று சுற்றும் வாசிப்பேன். முடிந்ததும் மைக்கை எடுத்து, நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்று, அந்தச் சனத்திடம் சொல்வேன்:

"என்ர அண்ணை ஒரு பிழை விட்டிட்டார். நீங்கள் எல்லாரும் மன்னிக்கவேணும்."

இப்படிக்கு,
ஒரு சுற்றுக் கூடுதலாக வாசித்த உங்கள் தங்கச்சி,
புவனா