மூன்று மணிப் பசி

மார்ச் 9

தங்கைக்கு,

நலம் கேட்டு எழுதவில்லை. நாற்பத்தொரு வருஷமாகக் கேட்காததை இன்றைக்கு என்னத்துக்குக் கேட்பது? அன்றைக்குக் கைக்குழந்தையோடு உன் வாசலில் நின்றேன். மத்தியானம் மூன்று மணி. பச்சைப் புடவை கட்டியிருந்தாய். "சாப்பாடு தீர்ந்துபோச்சு அக்கா" என்று கதவைச் சாத்தினாய். உள்ளே பாத்திரத்தில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. இன்னும் கேட்கிறது.

விஷயம் அதில்லை. கட்டி என்று என் இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். இரண்டு மாசமாகிறது. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். இரைப்பை காலியானால் அதன் சுவரில் ஒரு ஹார்மோன் சுரந்து, ரத்தத்தோடு போய், பசிக்குது என்று மூளைக்குச் சொல்லுமாம். சாப்பாடு குடலில் இறங்கியதும் குடல் வேறொன்றை அனுப்பி, பித்தத்தை வரவழைத்து, போதும் என்று சொல்லுமாம். "பசிக்குதுன்னு சொல்ற இடத்தையே எடுத்தாச்சு பாட்டி. அலாரம் வச்சுச் சாப்பிடுங்க" என்றார். ஆறு வேளை, ஆறு அலாரம். பேத்தி வைத்துக் கொடுத்தாள்.

இந்த மாசம் மூன்றாம் தேதியிலிருந்து மத்தியானம் மூன்று மணிக்குப் பசிக்கிறது. அலாரம் இல்லாத நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது என் பசி மாதிரி இல்லை.

உன் அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அதே மூன்றாம் தேதியிலிருந்து எனக்குப் பசியே இல்லை அக்கா. எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, வயிற்றில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். வாயில் வைத்தால் மண். மருமகள் கெஞ்சுகிறாள். இடுப்பில் புடவை நிற்கவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு இருந்தது. என் வீட்டுக்காரர் பின்னால் நின்றார். பயந்துவிட்டேன். நீ தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுது.

உன் தங்கை

மார்ச் 21

தங்கைக்கு,

அன்றைக்கு உன் ஜன்னல் திரை ஆடியதைப் பார்த்தேன். காற்று என்று நினைத்தேன்.

அப்படியானால் எனக்கு வருவது உன் பசிதான். வரட்டும், வந்து வாசலில் நிற்கட்டும். இன்றைக்கும் மூன்று மணிக்கு வந்தது. "தீர்ந்துபோச்சு" என்று வாய்விட்டே சொன்னேன். பேத்தி பயந்துபோய்ப் பார்த்தாள்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

மூன்று நாள் முன்னால் அது வந்தபோது வலுவே இல்லை. கைக்குழந்தை அழுது ஓய்ந்து சிணுங்குகிற மாதிரி இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. தட்டு வைத்துச் சாப்பிட்டேன். மூன்று வாய்தான். நான்காவதை எடுக்கும்போது உள்ளேயிருந்து "போதும் அக்கா" என்றது. வீட்டில் வேறு யாரும் இல்லை. உன் குரல்தான், பச்சைப் புடவை கட்டியிருந்தாயே, அந்த வயசுக் குரல்.

அதற்குப் பிறகு பசி வரவில்லை. தபால்காரரும் என் வீட்டைத் தாண்டிப் போகிறார். டாக்டரம்மாவிடம் சொன்னால், பசி வராததுதான் சரி என்கிறார்.

உன்னிடமே திரும்பி வந்துவிட்டதா? வந்திருந்தால், பசிக்குது என்று ஒரு வரி எழுது. மன்னித்தேன். போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

மூன்று மணி ஆகப்போகிறது. தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அக்கா